பழைய டிவி, புது போன்: வேலூர் கொசப்பேட்டை வீட்டில் ஒயர் இல்லாத இணைப்பு

எங்கள் வீட்டு டிவி 2014-இல் வாங்கியது. 32 இன்ச் எல்இடி. ஸ்மார்ட் டிவி கிடையாது. பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ, ஒரு யூஎஸ்பி, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஏவி பின்கள், அவ்வளவுதான். இப்போது அப்பா தன் ரெட்மி போனில் கிருபானந்த வாரியார் சொற்பொழிவு ஒன்றைத் தேடியெடுத்து, மேல் மூலையில் இருக்கும் சின்ன டிவிப் படத்தைத் தொட்டால் போதும். டிவி தானே ஆன் ஆகி, தானே எச்டிஎம்ஐக்கு மாறி, அதன் பாட்டுக்கு ஓட ஆரம்பிக்கிறது. மொத்தச் செலவு 5,860 ரூபாய். நேர் வழியில் போயிருந்தால் 4,250-இல் முடிந்திருக்கும். மிச்சம் எங்கே போனது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன், இதே வேலையில் இறங்குகிற யாருக்காவது உதவும்.

முதலில் வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்பது. அப்பாவுக்கு யூடியூப், அதிலும் வாரியார். பாலாற்றுக்கு அந்தாண்ட காங்கேயநல்லூர்தானே அவர் ஊர், அதனால் அப்பாவுக்கு அது பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசுவதைக் கேட்கிற விஷயம். அம்மாவுக்கு, சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது பேரக்குழந்தையைப் பெரிதாகப் பார்க்க வேண்டும். என் மனைவிக்கு ஓடிடி படங்கள். இந்த மூன்றும் வெளியே பார்த்தால் ஒரே வேலை, போனில் இருப்பது டிவியில் தெரிய வேண்டும். உள்ளே மூன்றும் வேறு வேறு வழியில் நடக்கின்றன. கடையில் இதை யாரும் சொல்வதில்லை, நானும் அப்போது கேட்கவில்லை.

ஒயர் போட்டே இணைத்துவிடலாமே என்று மைத்துனர் சொன்னார். பார்த்தேன். எங்கள் வீட்டில் இருக்கும் விலை குறைந்த போன்களின் டைப்-சி பின்னிலிருந்து படம் வெளியே வராது, சார்ஜும் ஃபைல் காப்பியும் மட்டும்தான். அதோடு அந்தக் கதை முடிந்தது.

டாங்கிள்

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மொபைல் கடையில், போன் திரையை ஒயர் இல்லாமல் டிவியில் காட்டுகிற, கம்பெனி பெயர் இல்லாத டாங்கிள் ஒன்று 950 ரூபாய்க்குக் கிடைத்தது. கட்டைவிரல் நீளம், ஒரு முனையில் எச்டிஎம்ஐ, இன்னொரு முனையில் வால் போல ஒரு சின்ன ஒயர், அதன் நுனியில் ஆன்டெனா. கடைக்காரர், "எல்லா போனுக்கும் வரும்ணே, மிராகாஸ்ட்டு" என்றார்.

எல்லா போனுக்கும் வராது. டிவியில் சொருகி, என் பிக்சல் போனில் தேடினால் எதுவுமே காட்டவில்லை. டாங்கிள்தான் செத்தது என்று நினைத்து அதை ரீசெட் செய்து, வால் ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பி, ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு போனது. மனைவியின் சாம்சங் போனில் ஸ்மார்ட் வியூவைத் திறந்ததும் இரண்டே நொடியில் டாங்கிள் பெயர் வந்து நின்றது. அப்பாவின் ரெட்மியிலும் காஸ்ட் என்ற இடத்தில் வந்தது. விஷயம் இதுதான்: மிராகாஸ்ட் என்பது போன் திரையை ஒயர் இல்லாமல் டிவிக்கு அனுப்ப 2012-இல் வைஃபை அலையன்ஸ் கொண்டுவந்த முறை, ஆண்ட்ராய்டு 4.2-இலேயே சேர்ந்தது. பிறகு கூகுள் தன் சொந்தப் போன்களிலிருந்து அதை எடுத்துவிட்டது. சாம்சங், ஷாவ்மி போன்ற கம்பெனிகள் தாங்களாகவே அதை வைத்திருக்கின்றன. ஆகவே டாங்கிள் வாங்கும் முன் உங்கள் போனில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனுக்கு ஆப்பிளின் ஏர்பிளே முறை வேண்டும், அது தனி.

சாம்சங்கில் படம் வந்தது. இரண்டு நிமிஷம் ஓடும், டிவி கருப்பாகும், டாங்கிளின் நீல விளக்கு அணைந்து எரியும், மறுபடி முதலிலிருந்து. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னாடா, வருது போவுது வருது போவுது" என்றார்.

டாங்கிளுக்குக் கரண்டை டிவியின் யூஎஸ்பியிலிருந்தே கொடுத்திருந்தேன். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 5 வோல்ட், 500 மில்லி ஆம்ப் என்று எழுதியிருக்கிறது. டார்ச் அடித்தால்தான் தெரியும். 380 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கி நடுவில் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 4.9 வோல்ட். படம் ஓட ஆரம்பித்ததும் 4.6, சில நேரம் 4.5. அந்த இடத்தில்தான் டாங்கிள் படுத்து எழுந்தது. கூடவே வந்த ஒயரும் நூல் மாதிரி மெல்லிசு, அதிலும் கொஞ்சம் வோல்ட் போகிறது. 280 ரூபாய்க்கு 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் ஒன்று வாங்கி, தடித்த ஒயரில் கொடுத்ததும் மீட்டர் 5.05-இல் நின்றது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அணையவில்லை. இந்த மொத்த வேலையில் நான் வாங்கியதிலேயே உருப்படியான கருவி அந்த மீட்டர்தான். இப்போது வீட்டில் எந்தச் சார்ஜர் நல்லது, எது டுபாக்கூர் என்று பார்க்க அதுதான் கைக்கு வருகிறது.

தாமதம், கருப்புத் திரை

அடுத்து தாமதம். போனில் விரலை வைத்தால் டிவியில் கொஞ்சம் கழித்துத்தான் நகர்கிறது. எவ்வளவு என்று அளக்க ஒரு சுலப வழி: போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடுங்கள். அந்தத் திரையை டிவியில் காட்டுங்கள். போனை டிவிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு போனால் இரண்டும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி போட்டோ எடுங்கள். எனக்குப் போனில் 12.84, டிவியில் 12.51. அதாவது நொடியில் மூன்றில் ஒரு பங்கு. படம் பார்க்க இது ஒரு பொருட்டே இல்லை, சத்தமும் காட்சியும் சேர்ந்தே தாமதமாவதால் வாயசைவு ஒத்துப்போகிறது. கேம் விளையாட உதவாது.

தாமதத்தைவிடத் தொந்தரவு, படம் திக்கித் திக்கி வந்தது. வைஃபையின் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைகளில் டாங்கிள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பேசும். சாம்சங் போனோ வீட்டு வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தது. போனின் ஒரே ரேடியோ இரண்டு பக்கமும் மாறி மாறித் தாவ வேண்டியிருக்கிறது. வைஃபையை அணைக்காமல், வீட்டு நெட்வொர்க்கை மட்டும் துண்டித்துவிட்டுப் பார்த்தால் திக்கல் பாதிக்கு மேல் போய்விட்டது. மிராகாஸ்டுக்கு ரூட்டரே தேவையில்லை, போனும் டாங்கிளும் நேராகப் பேசிக்கொள்கின்றன. பக்கத்து வீடுகளின் வைஃபையும் ஒரு காரணம். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்தால் 6-ஆம் சேனலில் மட்டும் கூட்டம் அலைமோதுகிறது. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். எங்கள் மோடத்தை 11-க்கு மாற்றினேன். கொஞ்சம் நிம்மதி.

மனைவி ஓடிடியில் படம் போட்டதும் டிவியில் வெறும் கருப்பு. சத்தம் வருகிறது, சப்டைட்டில் வருகிறது, படம் மட்டும் இல்லை. இது டாங்கிளின் கோளாறு கிடையாது. படத்தைக் காப்பி எடுத்துவிடக் கூடாது என்று அந்த ஆப்களே திரையைப் பூட்டி வைத்திருக்கின்றன. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கருப்பாக வருகிறதே, அதே பூட்டு. இதற்குச் சுற்றுவழி தேடுவது வீண் வேலை.

இன்னொரு தொல்லை, மிராகாஸ்டில் போன் திரை அணைந்தால் டிவியும் அணையும். அப்பா ஒரு மணி நேரச் சொற்பொழிவு கேட்டால் ஒரு மணி நேரமும் போன் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டால் அவர்கள் பெயர் டிவியில் பெரிதாக வந்து நிற்கும். பேங்க் ஓடிபியும் அப்படித்தான் வரும். சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது இது சரிப்படாது.

ஸ்டிக்

இங்கேதான் வழி மாறியது. போனின் திரையை அப்படியே டிவிக்கு அனுப்புவது ஒரு வேலை. 'இந்த வீடியோவை நீயே போட்டுக்கொள்' என்று டிவியில் சொருகிய பெட்டிக்கு முகவரி மட்டும் கொடுத்துவிட்டு போன் ஒதுங்கிக்கொள்வது இன்னொரு வேலை. இரண்டாவதைத்தான் கூகுள் காஸ்ட் செய்கிறது. படத்தை நெட்டிலிருந்து இழுப்பது டிவியில் இருக்கும் பெட்டி. போனை அணைத்துப் பையில் போட்டாலும் ஓடும். கால் வந்தால் டிவிக்குத் தெரியாது.

கடையில் பழைய குரோம்காஸ்ட் ஒன்று மலிவாக இருந்தது. எடுக்கவில்லை. 2013-இல் வந்த அந்த வரிசையை கூகுள் 2024 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டது. 2025 மார்ச்சில் இரண்டாம் தலைமுறைப் பெட்டிகள் உள்ளே இருந்த சான்றிதழ் காலாவதியாகி ஊர் உலகமெங்கும் ஒரேயடியாகப் படுத்து, அப்டேட் வந்த பிறகுதான் எழுந்தன. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கூகுள் டிவி போட்ட எச்டி ஸ்டிக் ஒன்று 3,650 ரூபாய்க்கு வாங்கினேன். 4கே ஸ்டிக்குக்கு இன்னும் ஆயிரம் கூடுதலாகக் கேட்டார்கள். எங்கள் டிவியின் திரை 1366-க்கு 768 புள்ளிகள்தான், அதில் 4கே ஓட்டி யாருக்குக் காட்டப் போகிறேன்.

ஸ்டிக்கோடு அடாப்டர் வந்தது, அதையே போட்டேன். டிவியின் யூஎஸ்பியில் போட்டால் ஓடினாலும் ஓடும், ஆனால் டிவியை அணைக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டிக்கும் அணைந்து, அடுத்த தடவை ஒரு நிமிஷத்துக்கு மேல் கம்பெனி லோகோவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வேலூர் வெயில் பற்றி ஒரு வார்த்தை. டிவி சுவரில் மாட்டியது, பின்னால் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டர். எங்கள் சுவர் கருங்கல், பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் வைத்திருக்கும். கத்திரி வெயிலில் அந்த இடுக்கில் சொருகிய ஸ்டிக்கைத் தொட்டால் கையை எடுத்துவிடுவீர்கள். ஒரு மணி நேரம் ஓடினால் படம் தடுமாற ஆரம்பித்தது. 180 ரூபாய்க்கு ஒரு அடி எச்டிஎம்ஐ நீட்டிப்பு ஒயர் வாங்கி ஸ்டிக்கை டிவிக்குக் கீழே காற்றில் தொங்கவிட்டேன். பார்க்க அழகாக இல்லைதான். ஆனால் சூடும் தணிந்தது, டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்த வைஃபை சிக்னலும் கூடியது. சில ஸ்டிக்குகளில் இந்த ஒயர் பெட்டியிலேயே வரும், என்னுடையதில் இல்லை.

காஸ்ட் படமே வரவில்லை

எல்லாம் செட் செய்தாயிற்று. ரிமோட்டில் யூடியூப் ஓடுகிறது. அப்பா போனில் அந்தச் சின்ன டிவிப் படம் மட்டும் வரவே இல்லை. ராத்திரி என் போனில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் வருகிறது. கீழே வந்தால் போய்விடுகிறது.

வீட்டு அமைப்பைச் சொன்னால்தான் புரியும். ஃபைபர் ஒயர் தெருவிலிருந்து முன்னறைக்கு வருகிறது, மோடம் அங்கே. கூடம் அதற்கு உள்ளே, நடுவில் ஒன்றரை அடி கல் சுவர். மோடம் பக்கத்தில் நின்று அளந்தால் சிக்னல் மைனஸ் 45 டிபிஎம் (மைனஸ் எண் பெரிதாக ஆக, சிக்னல் குறைவு). கூடத்தில் டிவி பக்கம் 2.4-இல் மைனஸ் 72, 5-இல் மைனஸ் 86. இந்தக் கணக்கில் மைனஸ் 65-ஐத் தாண்டினாலே வீடியோ திணற ஆரம்பிக்கும் என்பது என் அனுபவம். மாடியில் தம்பி இருந்தபோது போட்ட இரண்டாவது ரூட்டர் ஒன்று உண்டு. அதன் சிக்னல் மாடிப்படி வழியாகக் கூடத்துக்கு இறங்கி வரும். ஸ்டிக் அந்த ரூட்டரைப் பிடித்துக்கொண்டது. அப்பா போன் முன்னறை மோடத்தில்.

ஸ்டிக்கின் செட்டிங்கில் ஐபி முகவரி 192.168.0.104. அப்பா போனில் 192.168.1.23. மூன்றாவது எண்ணைப் பாருங்கள், ஒன்றில் 0, ஒன்றில் 1. இரண்டும் ஒரே நெட்டில்தான் ஓடுகின்றன, ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனித் தனி நெட்வொர்க். போன் 'இங்கே டிவி யாராவது இருக்கிறீர்களா' என்று கொடுக்கும் குரல் தன் நெட்வொர்க்கைத் தாண்டிப் போகாது. நடுவில் இருக்கும் ரூட்டர் அதைக் கடத்தாது. யூடியூப் காஸ்ட் வரவில்லை என்று என்னிடம் யார் சொன்னாலும் இப்போது நான் முதலில் கேட்பது இந்த மூன்றாவது எண்ணைத்தான்.

தம்பி பெங்களூரு போனதிலிருந்து மாடியில் ஆள் இல்லை. அந்த ரூட்டரைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து கூடத்தில் டிவிக்கு அடியில் வைத்து, மோடத்திலிருந்து லேன் ஒயர் இழுத்து, தனி ரூட்டராக இல்லாமல் வெறும் வைஃபை கொடுக்கிற பெட்டியாக மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

ஒயர் இழுக்கக் கல் சுவரைத் துளைக்க வேண்டும். ட்ரில் காரரைக் கூப்பிட்டால் ஐந்நூறு ரூபாயும் வீடு முழுக்கத் தூசியும். சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பழைய கேபிள் டிவி ஒயர் கண்ணில் பட்டது. டிடிஎச் வந்த பிறகு அது சும்மாதான் கிடக்கிறது, முன்னறையிலிருந்து கூடத்துக்கு அதே சுவர் வழியாக. அந்தக் கருப்பு ஒயரின் முனையை வெட்டி, அதோடு லேன் ஒயரின் முனையை ஒட்ட வைத்து, இன்சுலேஷன் டேப்பை நுனி கூம்பாக வருமாறு இறுக்கிச் சுற்றினேன். அந்தப் பக்கம் மகன் மெதுவாக இழுக்க, இந்தப் பக்கம் நான் தள்ள, பாதியில் ஒரு முறை சிக்கியது. பின்னுக்கு இழுத்து, டேப்பின் மேல் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவியதும் போய்விட்டது. ஒயரைத் தலை போடாமல் இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் தலை போட்ட ரெடிமேட் ஒயர் அந்தத் துளையில் நுழையாது. 15 மீட்டர் கேட்-6, மீட்டர் 24 ரூபாய் வீதம் 360. தலைகளும் ஆணிக் கிளிப்புகளும் 60.

தலையை ஒயரில் அமுக்குகிற கிரிம்ப் டூலை கேபிள்காரத் தம்பியிடம் இரவல் வாங்கினேன். இரண்டு முனையிலும் ஒரே வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. தலையின் கொக்கி கீழே பார்க்க, பொன்னிறப் பற்கள் மேலே பார்க்க, இடமிருந்து வலம். எட்டு நரம்பையும் விரலால் நேராக நீவி, ஒரே மட்டமாக வெட்டி, தலையின் கடைசிச் சுவர் வரை போய் முட்டுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகே அமுக்க வேண்டும். என் இரண்டாவது தலையில் ஒரு பழுப்பு நரம்பு உள்ளே எட்டவில்லை. ஆனாலும் ஓடுகிறது, 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு நரம்பே போதும். எங்கள் பிளானே 60 எம்பிபிஎஸ், அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

ரூட்டரை மாற்றும் வேலை. விலை குறைந்த மாடல், வெறும் வைஃபை பெட்டியாக மாற்றுகிற ஏபி மோட் என்று தனியாக ஒன்றும் இல்லை. கையால்தான் செய்ய வேண்டும். லேப்டாப்பை ஒயரில் இணைத்து 192.168.0.1-க்குள் போய், முதலில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மோடத்தில் இருப்பதையே வைத்தேன். அடுத்து, கருவிகளுக்கு முகவரி கொடுக்கிற டிஎச்சிபியை அணைத்தேன். கடைசியாக ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள், முகவரியை முதலில் மாற்றிவிட்டால் பக்கம் கைவிட்டுப் போய், மறுபடி உள்ளே நுழைவது தலைவலி. பிறகு மோடத்திலிருந்து வரும் ஒயரை ரூட்டரின் தனி நிற வேன் (WAN) பின்னில் போடாமல், மற்ற லேன் பின்களில் ஒன்றில் போட வேண்டும். வேன் பின் காலியாகவே இருக்கட்டும். இந்த ஒரு பின்னில்தான் எல்லாரும் தவறுகிறார்கள், ஏனென்றால் ரூட்டர் அட்டையில் போட்டிருக்கும் படம் அங்கேதான் சொருகச் சொல்கிறது.

டிவிக்கு அடியில் சிக்னல் மைனஸ் 38. ஸ்டிக் இப்போது 192.168.1.31. அப்பா போனில் காஸ்ட் படம் வந்தது, கூடத்தில் மட்டும். முன்னறையில் மோடத்தைப் பிடித்தால் மறுபடி காணோம்.

இரண்டும் ஒரே நெட்வொர்க்தானே, பின்னே என்ன என்று மோடத்தின் செட்டிங்கைத் துருவினேன். ஏபி ஐசொலேஷன் என்று ஒரு டிக் போட்டிருந்தது. வைஃபையில் இருக்கும் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க விடாமல் தடுக்கிற ஏற்பாடு, ஓட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சரி. மாற்றப் போனால் என் லாகினுக்கு அனுமதி இல்லை. கனெக்‌ஷன் கொடுத்த இடத்துக்கு போன் போட்டேன். "சார், நெட் வருதில்ல? வருதுன்னா எங்க பக்கம் பிராப்ளம் இல்ல சார்." நெட் வருகிறது என்பது உண்மைதான், மேலே என்ன பேசுவது. கடைசியில் லைன் பார்க்க வந்த தம்பிதான், "அத்த ஏன்ணே அவங்கள்ட்ட கேட்டீங்க, என்னாண்ட சொல்லிருந்தா அப்பவே எடுத்துருப்பேன்" என்று தன் போனிலேயே மோடத்துக்குள் போய் டிக்கை எடுத்துவிட்டார். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

டிவி தானே எழுவது

இது இனாமாகக் கிடைத்த வசதி. எச்டிஎம்ஐ ஒயர் வழியாகவே ஸ்டிக் டிவிக்கு 'எழுந்திரு, என் பக்கம் திரும்பு' என்று சொல்ல முடியும், சிஇசி என்று பெயர். ஆனால் டிவி கம்பெனிகள் அந்தப் பெயரை மெனுவில் போடுவதில்லை. சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். எங்கள் டிவியில் பதினோரு வருஷமாக ஆஃபில் கிடந்ததை ஆன் செய்தேன். இதற்கு முன்பு அப்பா டிடிஎச் ரிமோட், டிவி ரிமோட், ஸ்டிக் ரிமோட் என்று மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஓரம் வெட்டுப்பட்டதையும் அதே மெனுவில் சரி செய்தேன். பழைய டிவிகள் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நான்கு ஓரத்தையும் விழுங்கிவிடும். பட அளவில் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன் என்று எது இருக்கிறதோ அதை எடுங்கள்.

வாரியார் 1993-இல் மறைந்தவர், கிடைக்கிற காட்சிகள் பெரும்பாலும் பழைய கேசட்டிலிருந்து ஏற்றியவை. 240பி-யில் போனில் பளிச்சென்று தெரிந்த முகம் 32 இன்ச்சில் கலங்கலாகத் தெரிகிறது. இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை. அதை நிரப்ப டிவியில் ஜூம் போட்டேன், விபூதி நெற்றி பாதி வெட்டுப்பட்டது. "அவர ஏன்டா இழுக்கற, அப்பிடியே உடு" என்றார் அப்பா. விட்டுவிட்டேன்.

வீடியோ கால்

வாட்ஸ்அப்பில் காஸ்ட் படம் கிடையாது. அதற்குத் திரையையே காட்டியாக வேண்டும். டாங்கிள் இல்லாமலே, கூகுள் ஹோம் ஆப்பில் ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து 'காஸ்ட் மை ஸ்கிரீன்' கொடுத்தால் என் பிக்சலிலிருந்தும் போகிறது. மனைவியின் ஓடிடி ஆப் ஸ்டிக்கிலேயே நேராக இருப்பதால் அவருக்குப் போனே தேவைப்படவில்லை.

போனை நிமிர்த்திப் பிடித்தால் டிவியில் நடுவில் ஒரு கம்பம் மாதிரிதான் வரும். எங்கள் திரையின் உயரம் 40 சென்டிமீட்டர், போனின் விகிதத்தில் அகலம் 18-தான் கிடைக்கிறது. 70 சென்டிமீட்டர் அகலத் திரையில் மிச்சமெல்லாம் கருப்பு. இரண்டு பக்கமும் போனைப் படுக்க வைத்தால்தான் குழந்தை முழுத்திரைக்கு வருகிறாள். தங்கைக்கும் அதைச் சொல்லிப் பழக்க வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல், அம்மா டிவியைப் பார்க்கிறார், போன் கையில் இருக்கிறது. தங்கை பக்கம் தெரிவது அம்மாவின் மோவாயும் மின்விசிறியும். போனை டிவிக்குக் கீழே ஸ்டாண்டில் நிறுத்தினோம். அழைப்பின் குரல் டிவிக்குப் போகாமல் போனிலேயே வருகிறது, எங்கள் போன்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான். எட்டடி தள்ளி சோபாவிலிருந்து அம்மாவுக்குக் கேட்கவில்லை, அம்மா கத்துகிறார். பிளாஸ்டிக் சேரை டிவிக்கு நாலடியில் இழுத்துப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்தால் இரண்டும் சரியாக வருகிறது. இதற்கு மேல் நல்லதாக வேண்டுமானால் மைக்கோடு கூடிய ஸ்பீக்கர் வாங்க வேண்டும். அது இப்போதைக்கு இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்க எங்கள் வைஃபை பாஸ்வேர்டு வாங்கியிருந்தான். ஒரு நாள் வாரியார் நடுவில் நின்று குத்துப்பாட்டு ஆரம்பித்தது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் யார் போனிலும் நம் டிவி தெரியும், பாதியில் நிறுத்தவும் மாற்றவும் முடியும். கூகுள் ஹோம் ஆப்பில் மற்றவர்கள் கட்டுப்படுத்தலாம் என்ற சுவிட்சை அணைத்தால் மற்ற போன்களில் அந்த அறிவிப்பு நிற்கிறது, ஆனால் காஸ்ட் செய்வது நிற்காது. மோடத்தில் கெஸ்ட் வைஃபை ஒன்று போட்டு அவனை அங்கே மாற்றினேன். அங்கே தடுப்பு டிக் இருப்பதுதான் நல்லது.

மறுபடி செய்தால் டாங்கிளை வாங்கவே மாட்டேன், லேன் ஒயரை எல்லாவற்றுக்கும் முன்னால் இழுத்துவிடுவேன். ஸ்டிக் 3,650, நீட்டிப்பு ஒயர் 180, கேட்-6, தலை, கிளிப் சேர்த்து 420. முடிந்தது. புது 32 இன்ச் ஸ்மார்ட் டிவியே பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு வருகிறதே என்று கேட்பார்கள். பழையதன் திரையில் ஒரு புள்ளி போகவில்லை, ஸ்டிக் பழசானால் ஸ்டிக்கை மட்டும் மாற்றலாம்.

டாங்கிள் வீணாகவில்லை. குடியாத்தத்தில் சித்தப்பா வீட்டுக்கு பிராட்பேண்ட் கிடையாது, போனில் டேட்டா மட்டும்தான். ஸ்டிக் வைத்தால் அங்கே போனில் ஹாட்ஸ்பாட் போட்டாக வேண்டும். மிராகாஸ்டுக்கு ரூட்டர் தேவையில்லாததால் சாம்சங் போனும் டாங்கிளும் போதும், டேட்டாவில் ஓடும் யூடியூப் அப்படியே டிவியில் வருகிறது. கங்கையம்மன் சிரசு திருவிழா அன்று கூட்டத்துக்குப் போக முடியாத சின்னம்மா வீட்டிலிருந்தே நேரலையில் பார்த்தார். அவர்கள் டிவியின் யூஎஸ்பியையும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 4.7-க்கு இறங்குகிறது. அதனால் 2 ஆம்ப் அடாப்டரையும் தடித்த ஒயரையும் சேர்த்தே அங்கே விட்டுவிட்டு வந்தேன்.